உலக முடிவும் மறுநாள் வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்காவது போர் மூண்டாலோ, நிலம் அதிர்ந்து ஊர் சரிந்தாலோ, இரண்டு மூன்று நாளில் உங்கள் நாளிதழின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. உலகம் அழியப் போகிறதா, பைபிள் என்ன சொல்கிறது, இன்ன நாட்டுப் போதகர் இன்ன தேதியைக் குறித்திருக்கிறார் என்று. கிறிஸ்தவர் அல்லாத வாசகர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார். விசுவாசிகளில் சிலர் அதைப் போட்டோ எடுத்து, 'ஆயத்தமாகுங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்புவார்கள். நான் சிரிக்கிறவனும் இல்லை, அனுப்புகிறவனும் இல்லை. ஆனால் இயேசு மறுபடியும் வருவார் என்பதை நம்புகிறவன். நம்புவதால்தான் அந்தப் பெட்டிச் செய்திகளைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. வருகையைக் காத்திருக்கச் சொன்ன வேதம் காத்திருப்பது என்றால் என்ன வேலை என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது, அந்தப் பாதியை மட்டும் நீங்களும் அச்சிடுவதில்லை, எங்கள் மேடைகளிலும் பலர் பேசுவதில்லை.

தேதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. ஒலிவ மலையில் உட்கார்ந்திருந்த இயேசுவிடம் சீஷர்கள் நேராகவே கேட்டார்கள், இதெல்லாம் எப்போது நடக்கும் என்று. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்பது மத்தேயு 24-இல் உள்ள பதில். மாற்கு 13-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தூதர்களுக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது என்று இருக்கிறது. அவர் உயிர்த்தெழுந்த பிறகு அதே ஆட்கள் அதே கேள்வியை வேறு மாதிரி மறுபடியும் கேட்டார்கள். அதற்கும் 'காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்கள் வேலை இல்லை' என்கிற பதில்தான் அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் கிடைத்தது. அதற்கப்புறம் அவர் மேலே எடுத்துக்கொள்ளப்பட, இவர்கள் வாய் பிளந்து அண்ணாந்து பார்த்து நின்றதும், ஏன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று இரண்டு பேர் வந்து கேட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. குமாரனுக்கே தெரியாது என்று எழுதியிருக்கும் ஒன்று, யூடியூப் சேனல் நடத்தும் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அவர் யாருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. போர், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி என்று அடையாளங்களை அடுக்கும்போது எல்லோரும் எடுத்துக் காட்டுவது அதே மத்தேயு 24-ஐத்தான். யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள் என்ற வரியைப் படிக்கிறார்கள், சரி. அந்த வரி அங்கே முடியவில்லை. "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது" என்று அதே மூச்சில் போகிறது. முடிவு வந்துவிட்டது என்று காட்ட எடுக்கும் வசனமே முடிவு இப்போது இல்லை என்று சொல்கிறது! பாதி வசனத்தை வைத்து மொத்தக் கூட்டத்தையும் நடுங்க வைக்க முடிகிறது என்பது எங்கள் வேத வாசிப்பின் லட்சணம்.

அதே பேச்சின் தொடர்ச்சியாக இயேசு சொன்ன கதைகளைப் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. எஜமான் ஊரில் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஊழியக்காரனை வைக்கிறான். அவனுக்குக் கொடுத்த வேலை என்ன? வீட்டில் உள்ளவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவது. அவ்வளவுதான். எஜமான் திரும்பி வரும்போது அவன் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் அவன் பாக்கியவான். அவன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றோ, எஜமான் எந்த வழியாக வருவார் என்று வரைபடம் போட்டிருக்க வேண்டும் என்றோ கதையில் இல்லை. கெட்ட ஊழியக்காரன் எப்படிக் கெட்டான் என்பதும் சொல்லப்படுகிறது. இப்போதைக்கு அவர் வரமாட்டார் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான், உடனே கூட வேலை செய்பவர்களை அடிக்க ஆரம்பித்தான். அவனும் ஒரு வகையில் தேதி குறித்தவன்தான், தள்ளிக் குறித்தான்.

விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் கதையில் நிறையப் பேர் கவனிக்காமல் போகும் ஒரு இடம் உண்டு. மணவாளன் வரத் தாமதித்தபோது எல்லோருமே தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். தூங்கியதற்காக அவர்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவர்களிடம் எண்ணெய் இருந்தது, அதனால் எழுந்ததும் விளக்கு எரிந்தது. ஆகவே விழித்திரு என்று இயேசு சொன்னது நரம்பு புடைக்க, ராத்தூக்கம் இல்லாமல், ஒவ்வொரு செய்தியையும் பார்த்துப் பதறிக்கொண்டிரு என்பது இல்லை. தாமதம் ஆனாலும் தீர்ந்துபோகாத அளவுக்குக் கையில் ஏதாவது வைத்திரு என்பதுதான். வருகையைக் குறித்த பயத்தில் தூக்கம் கெட்டுப்போன எத்தனையோ பேருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

எஜமான் மூன்று ஊழியக்காரரிடம் தன் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும் தாலந்து உவமையிலும் பாருங்கள். ஒற்றைத் தாலந்தைக் குழி தோண்டிப் புதைத்தவன் சொல்லும் காரணம் சோம்பல் இல்லை. நீர் கடினமான மனுஷன் என்று தெரிந்து பயந்தேன், அதனால் புதைத்தேன் என்கிறான். எஜமானைப் பற்றி அவன் வைத்திருந்த பயங்கரமான படம்தான் அவன் கையைக் கட்டிப் போட்டது. பயம் காட்டி நடத்தப்படும் எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய்விட்டு வந்து, படிப்பு எதற்கு, வேலை எதற்கு, எல்லாம்தான் அழியப் போகிறதே என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது அந்த மூன்றாம் ஊழியக்காரன்தான் எனக்கு ஞாபகம் வருவான். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை, அவர்களுக்கு அந்தப் படத்தை வரைந்து கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, ராஜா மனிதர்களைச் செம்மறியாடு, வெள்ளாடு என்று இரண்டாகப் பிரிக்கும் கதை. நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா கேட்கும் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியான ஒரே தேர்வு அதுதான். பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், துணி இல்லாதவனுக்குத் துணி, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்த்தது. இதில் எந்த இடத்திலும், கடைசிக் காலத்தில் எழும்புவான் என்று சொல்லப்படும் எதிரியான அந்திக்கிறிஸ்து யார் என்று கேட்கவில்லை. ரகசிய வருகை, அதாவது விசுவாசிகள் மட்டும் முதலில் மேலே எடுத்துக்கொள்ளப்படுவது, கடைசிக் கால உபத்திரவத்துக்கு முன்பா பின்பா என்ற கேள்வியும் இல்லை. அந்த ஒரு விவாதத்துக்காகச் சபைகளே உடைந்திருக்கின்றன. ரகசிய வருகை என்று இன்று பிரசங்கிக்கப்படும் போதனையே 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் பேசிய பிறகுதான் பெரிதாகப் பரவியது. அதற்கு முன்பிருந்த விசுவாசிகளில் பெரும்பாலோர் இப்படி இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்க்காமலே, மரித்தோரையும் உயிருள்ளோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று அறிக்கை செய்து, வாழ்ந்து, செத்தும் போனார்கள். அதனால் அந்தப் போதனை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும் என்கிற அவசரத்தைத்தான் சொல்கிறேன்.

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். தேதி குறிப்பது அதிகமான விசுவாசத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது விசுவாசக் குறைவாகத்தான் தெரிகிறது. மேலதிகாரி ஆய்வுக்கு வரும் நாள் முன்பே தெரிந்துவிட்ட அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள், அந்த ஒரு நாள் தரை பளபளக்கும், கோப்புகள் வரிசையாக நிற்கும், மற்ற நாளெல்லாம் வழக்கம்போலத்தான். நாள் தெரியாது என்று சொன்னதன் நோக்கமே எல்லா நாளும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். தேதி தெரிந்துவிட்டால் அதற்கு முந்தின நாள் வரை தூங்கலாம், முந்தின நாள் அழுது ஜெபித்துக்கொள்ளலாம். காத்திருப்பதன் கஷ்டம் தாங்காமல் அதைச் சுருக்கிக்கொள்ளப் பார்ப்பதுதான் இந்தக் கணக்கெல்லாம்.

இது புதிதும் இல்லை. 5-ஆம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்து பரமேறியதிலிருந்து 400 வருஷம், 500 வருஷம், 1000 வருஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுதிய சபைத் தந்தை அகஸ்டின், 'அது உங்களுக்கு அடுத்ததல்ல' என்று ஆண்டவர் சொன்னபோதே கணக்குப் போடும் எல்லோருடைய விரல்களையும் தளர்த்தி ஓயச் சொல்லிவிட்டார் என்று ஒரு போடு போட்டார். விரல்கள் ஓயவில்லை.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒருவர், விவசாயி, பாப்டிஸ்ட் சபைக்காரர், நேர்மையான மனிதர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை 2300 வருஷமாக எடுத்துக்கொண்டு 1843 வாக்கில் வருகை என்று கணக்குக்கு வந்தார். அது தவறிய பிறகு அவருடைய கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே வயலில் விட்டார்கள், அறுத்து யார் சாப்பிடப் போகிறார்கள் என்று. அன்று ராத்திரி கடந்துபோனது. விடியும்வரை அழுதுகொண்டே இருந்தோம் என்று அவர்களில் ஒருவர் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் உண்மையாக நேசித்த ஒருவருக்காகக் காத்திருந்தவர்கள். ஆனால் அந்த வயல்கள்? ஆண்டவர் அன்றைக்கே வந்திருந்தால்கூட, அறுத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து ஏன் அறுக்கிறாய் என்று கேட்டிருப்பாரா?

எல்லோரும் அப்படி நேர்மையானவர்களும் இல்லை. தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28 நள்ளிரவில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று ஒரு பிரசங்கியார் அறிவித்தார். ஆட்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றுக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அதற்குள் அந்தப் பிரசங்கியார் மோசடி வழக்கில் கைதாகியிருந்தார். விசாரித்தால் அவர் போட்டிருந்த கடன் பத்திரங்கள் அடுத்த வருஷம் மே மாதம் முதிர்ச்சி அடைபவையாக இருந்தன. மற்றவர்களுக்கு அக்டோபரோடு உலகம் முடிகிறது, அவருக்கு மட்டும் மே மாத வட்டி வருகிறது. சிரிக்கலாம்தான். வீட்டை விற்றுக் கொடுத்தவர்கள் வீட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

2011 மே 21 என்று அறிவித்த அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங்கை வயதில் பெரிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள், அவருடைய வானொலி நிறுவனம் பல நாடுகளில் விளம்பரப் பலகை வைத்தது. நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து சுமார் 1,40,000 டாலரைப் போட்டுத் தானாகவே பேருந்துகளிலும் ரயில்களிலும் விளம்பரம் செய்தார். குறித்த நேரத்தில் அவர் ஒரு சதுக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. கேம்பிங் தேதியை அக்டோபர் 21-க்குத் தள்ளினார், அதுவும் போயிற்று. ஒன்றை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்: அடுத்த வருஷம் மார்ச்சில், நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு எழுதினார். நம்மிடம் தேதி சொன்னவர்களில் அப்படி எழுதியவர் யாராவது உண்டா? வீடியோவை நீக்கிவிட்டு அடுத்த தேதிக்குப் போய்விடுகிறார்கள்.

கென்யாவில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. 2023-இல் ஷகஹோலா காட்டில் மண்ணைத் தோண்டத் தோண்ட உடல்கள் வந்தன, 400-க்கும் மேல், அதில் குழந்தைகள் நிறைய. உலகம் முடிவதற்குள் பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்ததாக ஒரு போதகர் மீது குற்றச்சாட்டு, அவர் அதை மறுக்கிறார், வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. நம்மிடம் அந்த அளவுக்குப் போகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். சாப்பாடு தேவையில்லை என்பது ஒரே நாளில் சொல்லப்படுவதில்லை. முதலில் படிப்பு தேவையில்லை என்பார்கள், அப்புறம் மருந்து தேவையில்லை என்பார்கள், நடுவில் வெளியாட்களோடு பேச்சு நிற்கும். வேலைக்காரர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடு என்று சொன்னவருடைய பெயரில் பிள்ளைகளைப் பட்டினி போட முடிந்திருக்கிறது என்றால், நடுவில் எத்தனை படிகளில் யாரும் எதிர்க் கேள்வி கேட்காமல் இருந்திருக்க வேண்டும்!

அப்போஸ்தலன் பவுல் கேட்டார். தெசலோனிக்கே சபைக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்களும் இந்த விவகாரத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகின்றன. அவர் எழுதியதாகவே சொல்லி ஒரு கடிதம் வந்தாலும் கலங்காதீர்கள் என்று எச்சரிக்கிற அளவுக்குக் குழப்பம் இருந்திருக்கிறது, இன்றைய ஃபார்வர்டு செய்திகளின் பாட்டன் அது. அங்கே சிலர் வேலை செய்யாமல் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தார்கள். அவர்களுக்குத்தான் "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்பது சொல்லப்பட்டது. (இந்த வசனத்தை வேலை கிடைக்காத ஏழைகள் மேல் எறிபவர்கள் 'மனதில்லாதிருந்தால்' என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.) அமைதலாயிருங்கள், சொந்த அலுவலைப் பாருங்கள், சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள் என்பதை வருகையைப் பற்றிய பகுதிக்கு நேர் முன்னால் எழுதுகிறார். எக்காளம், மேகம், ஆகாயத்தில் சந்திப்பு என்று நாம் சிலிர்த்துப்போகும் அந்தப் பகுதி எப்படி முடிகிறது? இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று. அங்கே பிரச்சினை, சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள், நம் ஆட்கள் வருகையைப் பார்க்காமல் போய்விட்டார்களே என்று மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல எழுதியதை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளிடம், ராத்திரி எழுந்து பார்க்கும்போது அம்மா அப்பா இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் வேலையை எந்த அப்போஸ்தலன் கற்றுக்கொடுத்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பவுலைப் பற்றி இன்னும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரம், மரணம் நெருங்கிவிட்டது என்று தெரிந்து எழுதுகிறார், நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், அவர் பிரசன்னமாகுதலை விரும்புகிற யாவருக்கும் கிரீடம் உண்டு என்கிறார். நாலைந்து வசனம் தள்ளி, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்கிறார். வருகையை அவ்வளவு விரும்பிய மனிதருக்கு அந்த வருஷத்துக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது, படிக்கப் புத்தகமும் வேண்டியிருந்தது. படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் ஜெபத்தில் இருக்கட்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த அதிகாரத்தைத்தான் திறந்து காட்ட வேண்டும்.

எரேமியா தீர்க்கதரிசியும் இப்படித்தான். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறது, நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக அவரே காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பத்திரம் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதற்கு முன்னால் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தேதி சொல்லி ஜனங்களிடம் கைதட்டல் வாங்கினான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய செய்தியோ வேறு: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், 70 வருஷம் ஆகும். 70 வருஷம் என்றால் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கப் போவதில்லை. அப்படியும் மரம் நடச் சொன்னார்.

மரம் என்றதும் ஞாபகம் வருகிறது, நாளைக்கு உலகம் முடியும் என்றாலும் இன்றைக்கு ஆப்பிள் கன்று நடுவேன் என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் சொன்னதாக ஒரு வாக்கியம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். அவர் எழுத்துகளில் அது கிடையாது, 20-ஆம் நூற்றாண்டில்தான் அது எழுத்தில் தென்படுகிறது. நல்ல வாக்கியம்தான், ஆனால் ஆள் அவர் இல்லை. நிஜமாக நடந்ததுதான் வேண்டுமென்றால் 1780 மே 19-ஐ எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது, காட்டுத்தீப் புகை காரணம் என்பது இப்போது தெரியும், அன்றைக்கு நியாயத்தீர்ப்பு நாள் என்று ஜனங்கள் பதறினார்கள். கனெக்டிகட் மன்றத்தில் சபையைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஏபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை. இது நியாயத்தீர்ப்பு நாள் இல்லையென்றால் கலைக்கக் காரணமில்லை, அதுதான் என்றால் நான் என் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அகப்பட விரும்புகிறேன், மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். அந்த மனிதருக்கு எந்த விளக்கவுரையும் தேவைப்படவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமாகாது. தேதிக்காரர்களைப் பார்த்து வெட்கப்பட்டே பல சபைகள் இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டன. விசுவாசப் பிரமாணத்தில் வாரா வாரம் சொல்கிறோம், திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறுகளில் பாடுகிறோம், ஆனால் யாராவது நிஜமாகவே நம்புகிறீர்களா என்று கேட்டால் நெளிகிறோம். வசதியாக வாழ்கிறவனுக்கு உலகம் இப்படியே நீடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் யாருக்கு எழுதப்பட்டது? அன்று ஆசியா என்று அழைக்கப்பட்ட, இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு சபைகளுக்கு, அதில் அடி வாங்கியவர்களும் உண்டு, ஆளைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. கண்ணீர் யாவையும் துடைப்பார் என்பது அழுதவனுக்குத்தான் செய்தி. பொய் வழக்கில் உள்ளே இருப்பவனுக்கும், கூலி ஏமாற்றப்பட்டவனுக்கும், பிள்ளையைக் கொன்றவன் சுதந்திரமாகத் திரிவதைப் பார்க்கும் தாய்க்கும், நியாயம் தீர்க்க ஒருவர் வருகிறார் என்பது பயமுறுத்தல் இல்லை, அதை நம்பித்தான் அடுத்த நாளை ஓட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையைப் படித்தவர்கள் நாங்கள் கூச்சத்தில் கைவிட்டதால்தான் வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் எண் என்று சொல்லும் 666-ஐ யார் மேலாவது ஒட்டும் வியாபாரிகள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நீரோவில் ஆரம்பித்து, போப், நெப்போலியன், முசோலினி, அப்புறம் பார்கோடு, கிரெடிட் கார்டு, 2021-இல் கொரோனா தடுப்பூசி என்று அவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஊசியில் மிருகத்தின் முத்திரை இருக்கிறது என்று கேட்டு அதைப் போடாமல் விட்டவர்களும் இருந்தார்கள்.

பூமி எரிந்துபோகத்தானே போகிறது, அதைக் காப்பாற்றி என்ன என்று ஒரு வாதம் உண்டு, பேதுருவின் இரண்டாம் கடிதத்தைக் காட்டுவார்கள். அந்த இடத்தில் பேதுரு கேட்கும் கேள்வி, ஆகையால் நீங்கள் எப்படிப்பட்ட நடக்கையுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது. எப்படி வேண்டுமானாலும் இருங்கள் என்று அவர் முடிக்கவில்லை. தாமதத்துக்கும் அவர் காரணம் சொல்கிறார், ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்ற நீடிய பொறுமை. முதல் கடிதத்தில், எல்லாவற்றுக்கும் முடிவு சமீபமாயிற்று என்று எழுதிய கையோடு அவர் சொல்வது தெளிந்த புத்தி, ஜெபம், ஒருவரில் ஒருவர் ஊக்கமான அன்பு, முறுமுறுக்காமல் விருந்தாளியை உபசரிப்பது. முடிவு சமீபம், ஆகவே வந்தவரை முகம் சுளிக்காமல் உட்காரவை! பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது 15-ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதலைப் பேசி, கடைசி எக்காளம் வரை போய், உங்கள் பிரயாசம் வீணாகாது என்று முடிக்கிறார். அடுத்த வரியே எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை வாரத்தின் முதல் நாளில் எடுத்துவையுங்கள் என்பது. நடுவில் அதிகார எண் விழுந்திருப்பதால் நாம் அங்கே நிறுத்தி ஆமென் சொல்லிவிடுகிறோம், அவர் நிறுத்தவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் போடுங்கள், போட வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 23, 24 என்று ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியதே, செப்டம்பர் 25 அன்று அதை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று எத்தனை பத்திரிகைகள் போய்ப் பார்த்தன? தேதி சொன்னவரிடம் அந்தத் தேதிக்கு மறுநாள் போய் நில்லுங்கள். அவர் வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கொடுத்தாரா, வேலையை விட்டவருக்கு வேலை தேடித் தந்தாரா, ஃபீஸ் கட்டாமல் விட்ட பிள்ளையின் படிப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டு அதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

போதகர்களுக்கும் ஒன்று. உங்கள் சபையில் ஒருவர் கடைசி காலம் என்று சொல்லி மருந்தையோ படிப்பையோ வேலையையோ நிறுத்தப் போவதாகத் தெரிந்தால், அவருடைய விசுவாசத்தைப் பாராட்டி மேடையில் சாட்சி சொல்ல வைக்காமல், அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். தெசலோனிக்கே கடிதங்களைக் கையில் எடுத்துப் போங்கள், இரண்டும் சேர்த்து எட்டு அதிகாரம்தான், ஒரே உட்காரலில் அவரோடு படித்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
வருகையை எதிர்பார்க்கும் ஒரு வாசகன்